கங்கைகொண்டான் கணக்கு: கொடுத்த சலுகைக்கு எத்தனை வேலை வந்தது?

திருநெல்வேலியிலிருந்து மதுரை ரோட்டில் அரை மணி நேரம் போனால் கங்கைகொண்டான். பக்கத்தில் சிற்றாறு ஓடுகிறது, ஒரு புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது, அதையொட்டி சுமார் 2,000 ஏக்கரில் மாநில அரசு நிறுவனமான சிப்காட்டின் தொழிற்பேட்டை விரிந்து கிடக்கிறது. இருபது வருடத்தில் இங்கே குளிர்பானம் வந்தது, டயர் வந்தது, இப்போது சோலார் வந்திருக்கிறது. ஒவ்வொரு தொழிலும் வரும்போது அரசு ஏதாவது ஒரு சலுகையைக் கொடுத்தது. சொன்ன காரணமும் எப்போதும் ஒன்றுதான்: நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்.

அந்தக் காரணத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. டிப்ளமோ முடித்த பையன் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ வளைகுடாவுக்கோ பெட்டியைக் கட்டுவதுதான் நெல்லைச் சீமையின் வழக்கம். முக்கூடல், ஆலங்குளம், கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கம் பெண்பிள்ளை என்றால் பெரும்பாலும் மடியில் பீடித் தட்டு. இந்த நிலை மாற அரசு காசு செலவழித்தால் அது நல்ல செலவு. ஆனால் வருடத்துக்கு ஆயிரக்கணக்கான கோடி லாபம் பார்க்கும் நிறுவனங்களுக்குப் பொதுச் சொத்தைக் குறைந்த விலைக்குக் கொடுக்கும்போது, பதிலுக்கு எத்தனை பேருக்கு, என்ன சம்பளத்தில், எத்தனை வருடத்துக்கு வேலை கிடைத்தது என்று ஊருக்குத் தெரிய வேண்டும். கங்கைகொண்டானில் அந்தக் கணக்கு எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான் இந்த ஆய்வு.

ஒரு ரூபாய் குத்தகை

சிப்காட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது இதுதான்: "36 ஏக்கரை வருசத்துக்கு 36 ரூவாய்க்குக் குடுத்துட்டாங்களாம்லா." பெப்சி பானங்களை நிரப்பும் ஆலைக்கு நிலம் ஒதுக்கியபோது பரவிய பேச்சு. ஏக்கருக்கு வருடம் ஒரு ரூபாய் என்பது உண்மைதான். ஆனால் அதை மட்டும் பார்த்தால் சலுகை எங்கே இருக்கிறது என்பது கண்ணில் படாமல் போய்விடும்.

சிப்காட்டில் மனை எடுப்பவர் அதன் விலையை முன்பே ஒரே தொகையாகக் கட்ட வேண்டும். அப்புறம் 99 வருடக் குத்தகைக் காலத்துக்குப் பெயரளவில் ஒரு வாடகை. அந்த வாடகைதான் இந்த ஒரு ரூபாய். பெரிய கம்பெனி, சின்னக் கம்பெனி எல்லாருக்கும் இதுதான் நடைமுறை. சலுகை உட்கார்ந்திருப்பது முன்பே கட்டும் அந்தத் தொகையில். தமிழ்நாட்டின் 2021 தொழில் கொள்கை மாவட்டங்களை அ, ஆ, இ என்பது போல மூன்று வகையாகப் பிரித்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி உள்ளிட்ட தென்மாவட்டங்கள் கடைசி வகை. இந்த வகையில் சிப்காட் நிலத்துக்கு விலையில் 50 சதவீதம் தள்ளுபடி. சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கு அவ்வளவு கிடையாது. இதோடு முதலீட்டு மானியம், மின்வரி விலக்கு, முத்திரைத்தாள் கட்டணச் சலுகை எல்லாம் சேரும். வேலைக்கு எடுக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு ஆறு மாதப் பயிற்சிக் காலத்தில் மாதம் 4,000 ரூபாய், பெண்கள், திருநர், மாற்றுத்திறனாளிகள், பட்டியலின, பழங்குடியினர் என்றால் 6,000 ரூபாய் என்று ஒரு பயிற்சி மானியமும் இருக்கிறது. ஒரு பெண்ணை எடுத்தால் ஆறு மாதத்தில் 36,000 ரூபாய் அரசு தரும்.

பயிற்சி மானியம் எனக்குப் பிடித்த சலுகை. ஆள் வந்தால்தான் காசு வரும். நிலம் அப்படி இல்லை. ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே நிலம் கைமாறிவிடுகிறது.

99 வருடக் குத்தகை என்றால் என்ன என்று நெல்லைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் மேற்கு மலையில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்ததில் வந்ததுதான் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். குத்தகை 2028-ல் முடிகிறது. 2024-லேயே தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுப் படிவத்தைக் கொடுத்து வெளியேறச் சொல்லிவிட்டார்கள். நாலு தலைமுறையாக அங்கேயே பிறந்து, அங்கேயே இலை பறித்தவர்களுக்கு மலையில் சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. அது மானியத்துக்காகக் கொடுத்த நிலம் இல்லை, வேறு காலம், வேறு கதை. ஆனாலும் குத்தகைப் பத்திரத்தில் தொழிலாளியைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டால் நூறு வருடம் கழித்து என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு சாட்சி கிடைக்காது.

தண்ணீர்

2000-களின் நடுவில் கோகோ கோலா பானங்களை நிரப்பும் ஆலை வந்தபோதே கங்கைகொண்டான் ஊராட்சியில் எதிர்ப்பு இருந்தது. பெப்சி ஆலைக்கு ஒரு நாளைக்கு 15 லட்சம் லிட்டர் என்ற செய்தி வந்ததும் அது மாவட்டம் முழுக்கப் பரவியது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை மொத்தமாகப் பொய்த்தது. பிசான நெல் சாகுபடிக்கே தண்ணீர் இல்லாமல் விவசாயிகள் அணையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அந்த நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்க இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் வழக்குகளைத் தள்ளுபடி செய்தது, தடையும் போயிற்று. அதே மார்ச் 1 முதல் வணிகர் சங்கங்கள் பெப்சி, கோக் விற்பதில்லை என்று அறிவித்தன. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு அப்போது இன்னும் ஆறவில்லை.

அன்றைக்குப் பேசப்பட்ட விலை ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு. லிட்டருக்கு நாலு காசுகூட இல்லை. 15 லட்சம் லிட்டர் எடுத்தால் ஒரு நாளைக்கு 56,250 ரூபாய். அந்தத் தண்ணீர்தான் அந்தத் தொழிலின் முக்கிய மூலப்பொருள்.

இதில் வேலைக் கணக்கு என்ன? நிரப்பும் ஆலையில் ஆட்களைவிட எந்திரங்கள்தான் அதிகம். பாட்டில் ஊதுவது, கழுவுவது, நிரப்புவது, மூடுவது, ஒட்டுவது எல்லாம் ஒரே ஓட்டத்தில் நடக்கும். ஆள் தேவைப்படுவது சுமை ஏற்ற, இறக்க, வண்டி ஓட்ட. அதில் பெரும்பகுதி ஒப்பந்த வேலை. அதே சிப்காட்டில் டயர் ஆலைக்குத் தேவைப்படும் கைகள் வேறு. வயலுக்கும் சுரங்கத்துக்கும் போகும் பெரிய வண்டிகளின் டயரைச் செய்து ஏற்றுமதி செய்யும் அந்த ஆலையில் ரப்பர் கலப்பது முதல் சோதனை வரை பழகிய ஆள் வேண்டும். பழகிய ஆளை எந்தக் கம்பெனியும் எளிதில் அனுப்பாது. ஆக, ஒரே ஊர், ஒரே நிலத் தள்ளுபடி என்றாலும் ஒரு ஏக்கருக்கு வரும் சம்பளம் தொழிலுக்குத் தொழில் மாறும். எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் நிலம் கொடுக்கும் கொள்கை இந்த வித்தியாசத்தைப் போதுமான அளவு பார்ப்பதில்லை என்பது என் முதல் குறை.

சோலார் வந்த கதை

2022 ஜூலையில் டாடா பவர் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. 3,000 கோடி முதலீடு, 4,000 மெகாவாட் சோலார் செல், 4,000 மெகாவாட் பேனல், 2,000 பேருக்கு வேலை, அதில் பெரும்பான்மை பெண்கள். 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் ஸ்டாலின் ஆலையைத் திறந்து வைத்தபோது முதலீட்டுத் தொகை 3,800 கோடி என்று சொல்லப்பட்டது. அன்றைக்கே விக்ரம் சோலார் நிறுவனத்தின் 2,574 கோடி ரூபாய் ஆலைக்கு அடிக்கல். ஒப்பந்தத்தில் சொன்ன எண்ணை வைத்துப் பார்த்தால் டாடா ஆலையில் ஒரு வேலைக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் முதலீடு.

இந்தத் தொழிலுக்கு உதவி மூன்று பக்கத்திலிருந்து வருகிறது. முதலாவது மாநிலத்தின் சலுகைகள். இரண்டாவது ஒன்றிய அரசின் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகை. 2023 மார்ச்சில் நாடு முழுவதும் 11 நிறுவனங்களுக்கு, 39,600 மெகாவாட் திறனுக்கு, 14,007 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். டாடாவும் விக்ரமும் அந்தப் பட்டியலில் உண்டு. மூன்றாவது இறக்குமதி வரி. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுப் பேனலுக்கு 40 சதவீதம், செல்லுக்கு 25 சதவீதம் என்று வரி போட்டார்கள். இந்த மூன்றாவது உதவி பட்ஜெட்டில் தெரியாது. வீட்டுக் கூரையில் பேனல் மாட்டுகிறவர் கொடுக்கும் விலையில் தெரியும். போதாததற்கு டாடா ஆலைக்கு அமெரிக்க அரசின் வளர்ச்சி நிதி நிறுவனம் 42.5 கோடி டாலர் கடனும் கொடுத்தது.

அந்த 14,007 கோடிக்கு ஒன்றிய அரசே ஒரு வேலைக் கணக்கும் சொன்னது: நேரடியாக 35,010, மறைமுகமாக 66,477. நேரடி வேலையால் வகுத்தால் ஒரு வேலைக்கு 40 லட்சம் ரூபாய். மறைமுக வேலையையும் சேர்த்துத் தாராளமாகப் பார்த்தாலும் 14 லட்சத்துக்குப் பக்கம். நியாயமாகச் சொல்ல வேண்டும்: இந்தத் திட்டம் வேலைக்காக மட்டும் வந்ததில்லை. சீனாவிலிருந்து பேனல் வந்தால்தான் நம் சூரிய மின்சாரம் என்ற நிலை மாற வேண்டும் என்பதும் காரணம், அது சரியான காரணம். காசும் ஆலை ஓடி, சரக்கு விற்ற பிறகுதான் கைக்கு வரும். ஆனால் மேடையில் வேலை எண்ணிக்கையைச் சொல்லித்தான் இதற்குக் கைதட்டல் வாங்குகிறார்கள். அப்படிச் சொன்னால் அந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும். டாடா பவர் 2023-24-ல் மட்டும் 4,280 கோடி ரூபாய் நிகர லாபம் பார்த்த குழுமம்.

மானியம் இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டார்களா? நாலுவழிச் சாலை வாசலில் இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகம் ஒரு மணி நேரச் சொச்சம். காற்றாலை மின்சாரத்துக்குப் பேர்போன மாவட்டம். தண்ணீர் உண்டு. பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தெருவுக்குத் தெரு. இவற்றில் பல பொதுப் பணத்தில், பல வருடங்களில் உருவானவை. அமெரிக்காவில் இந்த விஷயத்தையே பல வருடமாக ஆராயும் திமோத்தி பார்டிக் என்ற பொருளாதார அறிஞர் 2018-ல் ஒரு மதிப்பீடு சொன்னார்: சலுகை பெற்ற நிறுவனங்களில் 2 முதல் 25 சதவீதம்தான் அந்தச் சலுகையால் முடிவை மாற்றியிருக்கும், மற்றவை எப்படியும் வந்திருக்கும். நம் நிலைமை அப்படியே ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. தென்மாவட்டங்களுக்குத் தள்ளுபடி இல்லாவிட்டால் ஸ்ரீபெரும்புதூரோடு நின்றுவிடுவார்கள் என்ற பயத்தில் உண்மை இருக்கிறது. இதே கங்கைகொண்டானில் மாநில அரசு நிறுவனமான எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா பல வருடம் ஆள் வராமல் கிடந்ததைப் பார்த்தவர்கள்தானே நாம்.

வரி எங்கே போகிறது

இங்கே ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. முன்பெல்லாம் ஆலை வந்தால் விற்பனை வரி வரும், கொடுத்த சலுகை அதில் திரும்பிவிடும் என்று கணக்குப் போடலாம். 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் கணக்கு மாறிவிட்டது. இப்போது மாநிலப் பங்கு வரி சரக்கு எங்கே நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்கு. கங்கைகொண்டானில் செய்த பேனல் ராஜஸ்தான் பாலைவனத்தில் மாட்டப்பட்டால் அதன் மாநில வரி ராஜஸ்தானுக்கு. டயர் ஏற்றுமதியானால் வரியே இல்லை.

அப்படியானால் நெல்லையில் என்ன மிஞ்சுகிறது? சம்பளம். அந்தச் சம்பளத்தில் நடக்கும் மளிகை, வாடகை, பள்ளிக் கட்டணம். லாபம் மும்பைக்கோ கொல்கத்தாவுக்கோ ஜப்பானுக்கோ போகும், வரி வேறு மாநிலத்துக்குப் போகும், நிலமும் தண்ணீரும் நம்முடையது, நமக்கு நிற்பது சம்பளம் ஒன்றுதான். அதனால்தான் வேலையின் எண்ணிக்கையைவிட அதன் தரத்தைப் பற்றி நான் இவ்வளவு பேசுகிறேன்.

ஷிப்ட் மாறும் நேரம் சிப்காட் விலக்கில் நின்றால் தெரியும். வரிசையாக கம்பெனி பஸ்கள், ஜன்னலோரம் சீருடையில் இளம்பெண்கள், கழுத்தில் அடையாள அட்டை, பாதிப் பேர் தூக்கத்தில். டீக்கடையில் நின்ற ஒரு பெண் சொன்னாள்: "எங்கம்மா ஆயிரம் பீடி சுத்துனாதான் அன்னைக்குக் கூலி அண்ணாச்சி. எனக்கு மாசம் பொறந்தா பேங்க்ல விழுந்துருதுல்லா." அவள் முகத்தில் இருந்த நிமிர்வை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது. இதற்காகவே அரசு இந்த ஆலைகளைக் கூப்பிட்டது சரி என்று அந்த நிமிடம் தோன்றியது. அவள் கூட வந்தவள் வேறொரு விஷயம் சொன்னாள். போனில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து காட்டினாள். "பாருங்க, கம்பெனி பேரே இல்ல. காண்ட்ராக்டர் பேருதான் இருக்கு. வருசம் முடிஞ்சா வேற காண்ட்ராக்டர், புதுசா சேர்ந்த மாதிரி." இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறிப் போனார்கள். திறப்பு விழா மேடையில் இருவரும் ஒரே எண்ணிக்கைக்குள் வருவார்கள்.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2017-ல் ஃபாக்ஸ்கான் நிறுவனத்துக்குச் சுமார் 300 கோடி டாலர் சலுகை தருவதாக ஒப்பந்தம் போட்டது. பதிலுக்கு 13,000 வேலை. வேலை வரவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ஒரு நல்ல விஷயம் இருந்தது: ஒவ்வொரு வருடமும் இத்தனை பேர், இவ்வளவு முதலீடு என்று எழுதி, அதை எட்டினால்தான் வரிச் சலுகை. எட்டாததால் மாநிலம் கொடுக்க மறுத்தது. 2021-ல் ஒப்பந்தத்தையே சுருக்கி 1,454 வேலைக்கு 8 கோடி டாலர் என்று மாற்றினார்கள். ஒப்பந்தம் பொதுவெளியில் இருந்ததால்தான் ஊரார் இதைக் கேட்க முடிந்தது. ஆனால் ஆலைக்காக உள்ளூர் நிர்வாகம் வாங்கிய நிலமும் போட்ட ரோடும் திரும்பி வரவில்லை. முன்பே சொன்னதுதான்: வரிச் சலுகையை நிறுத்தலாம், நிலத்தைத் திருப்புவது கஷ்டம்.

குஜராத்தின் சானந்தில் மைக்ரான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மின்னணு சிப் ஆலைக்கு 275 கோடி டாலர் திட்டச் செலவில் ஒன்றிய அரசு 50 சதவீதம், மாநிலம் 20 சதவீதம். சொன்ன நேரடி வேலை 5,000. ஒரு வேலைக்கு மூன்று கோடி ரூபாய்க்கு மேல் பொதுப் பணம். மாநிலங்கள் ஒன்றுக்கொன்று ஏலம் கேட்டால் விலை எங்கே போய் நிற்கும் என்பதற்கு இது அளவு.

நம் பக்கத்திலேயே வேறு மாதிரி ஒரு முடிவும் நடந்தது. தென்காசி மத்தளம்பாறையில் இருக்கும் சோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் சிப் தயாரிப்பில் இறங்க அரசு உதவி கேட்டிருந்தது. 2025 மே மாதம் அதை நிறுத்திவைத்தது. தொழில்நுட்பத்தில் முழு நம்பிக்கை வராமல் வரி கட்டுபவர்களின் பணத்தை எடுக்க விரும்பவில்லை என்று அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு வெளிப்படையாகச் சொன்னார். கேட்டதைத் தானே திரும்பப் பெற்ற அந்த முடிவை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

கங்கைகொண்டானில் என்ன செய்யலாம்

தமிழ்நாட்டுச் சலுகைகளுக்கும் நிபந்தனை இல்லாமல் இல்லை. குறைந்தபட்ச முதலீடு, குறைந்தபட்ச வேலை என்று கொள்கையிலேயே இருக்கிறது. பெரிய திட்டங்களுக்குத் தனித்தனியே சலுகைத் தொகுப்பு பேசி அரசாணை போடுகிறார்கள். குறை எங்கே என்றால், அந்தத் தொகுப்பில் என்ன கொடுத்தோம், எத்தனை வேலை வந்தது என்பதை ஆலை வாரியாக, வருடா வருடம், மாவட்டத்து மக்கள் படிக்கிற மாதிரி யாரும் வெளியிடுவதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் வணிக ரகசியம் என்ற விலக்கைக் காட்ட முடியும். பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்று அதே சட்டப் பிரிவு சொல்கிறது. ஊர் நிலத்துக்குப் பாதி விலைத் தள்ளுபடி கொடுத்த பிறகு எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது எப்படி வணிக ரகசியம் ஆகும்?

எண்ணுவதும் கஷ்டம் இல்லை. பி.எஃப். பதிவு மாதாமாதம் ஆகிறது. ஆலையின் சொந்தக் கணக்கில் எத்தனை பேர், ஒப்பந்ததாரர் கணக்கில் எத்தனை பேர், ஒரே ஆள் தொடர்ந்து எத்தனை மாதம் என்பதெல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கிறது. முதலீட்டு மானியத்தின் அடுத்த தவணையை விடுவிக்கும் முன் அந்த எண்ணைப் பார்த்தால் போதும். சொந்தக் கணக்கில் இருக்கும் தொழிலாளிக்கு முழு மதிப்பு, ஒப்பந்தக் கணக்கில் இருப்பவருக்குப் பாதி மதிப்பு என்று வைத்தால் கம்பெனிகளே ஆட்களை நிரந்தரம் ஆக்கும் வழியைத் தேடும். மூன்று வருடம் கழித்தும் அதே பெண் அதே ஆலையில் இருந்தால் பயிற்சி மானியத்தில் இன்னொரு தவணை கொடுக்கலாம். ஒரு பெண்ணுக்கு 36,000 கொடுக்க மனது வந்த அரசுக்கு இதற்கும் வரும்.

நிலத்துக்கு வேறு வழி வேண்டும். 50 சதவீதத் தள்ளுபடியை முதல் நாளே கொடுக்காமல், முழு விலையை வாங்கிக்கொண்டு, சொன்ன வேலை வந்த பிறகு ஐந்து வருடத்தில் தவணையாகத் திருப்பித் தரலாம். லாபத்தில் ஓடும் நிறுவனங்களுக்கு இது பாரமாக இருக்காது. முதலீடு கையில் இல்லாத சிறு தொழில்களுக்கு மட்டும் இன்றைய முறையே தொடரட்டும். தண்ணீரைப் பொறுத்தவரை, அதை விற்றே சம்பாதிக்கும் தொழிலுக்கும், கழுவவும் குளிர்விக்கவும் பயன்படுத்தும் தொழிலுக்கும் ஒரே விலை இருக்கக் கூடாது. கார் நெல் பருவத்துக்கே அணை நிரம்பாத வருடங்களில் யாருக்கு முதலில் குறைப்பது என்ற வரிசையையும் குத்தகையிலேயே எழுதிவிட வேண்டும்.

கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைதோறும் குறைதீர் கூட்டம் நடக்கிறது. பட்டா, ஓய்வூதியம், ரேஷன் அட்டை என்று மனுக்கள் குவியும். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஆலை வாரியாக எத்தனை பி.எஃப். கணக்கு, அதில் எத்தனை சொந்தக் கணக்கு, எத்தனை பேர் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டத்தவர் என்று கேட்டு ஊராட்சிகளும் தொழிற்சங்கங்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் அங்கே ஒரு மனு கொடுக்கலாம். அதே கேள்வியை சிப்காட் தலைமை அலுவலகத்துக்கும் தகவல் உரிமை மனுவாக அனுப்பலாம். அடுத்த ஆலைக்கு நிலம் அளக்க வரும்போது அந்த எண்கள் கிராம சபையின் கையில் இருக்க வேண்டும்.